ஒரு நாள்கூட விடாதவள்

மடிப்பு இதுவரை மடித்த படுக்கை விரிப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், அடுக்கு நிலாவைத் தொடும். தொட்ட பிறகும் அங்கே நாலு பேர் படுக்க விரிப்பு மிஞ்சும். இது பொய். பொய் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், தாராளமான கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஆயிரத்து இருநூறு, வருஷத்துக்கு முந்நூறு நாள், பதினோரு வருஷம், மடித்த விரிப்பு ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் கனம் என்று காகிதத்தில் போட்டுப் பெருக்கினால் நாற்பது கிலோமீட்டர்கூடத் தேறாது. நிலா எங்கே, நாற்பது கிலோமீட்டர் எங்கே! ஆனால் அந்த நாற்பது கிலோமீட்டரில் ஒரு விரிப்பின் ஓரம்கூடப் பிசகியிருக்காது. அது மட்டும் சத்தியம்.

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது கடவுச்சீட்டுக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே புழங்கவில்லை. பிழைக்க வந்த ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடியில், தரைக்குக் கீழே, ஒரு சலவைக்கூடம். அங்கே சேர்ந்த மூன்றாம் நாளே கூட வேலை பார்த்த பெண்கள் அவளுக்கு மடிப்பு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சலவைக்கூடத்தின் ஒரு பக்கம் ஆள் உயரத் துவைக்கும் இயந்திரங்கள் உருண்டுகொண்டே இருக்கும். கடைசியில், சுவரை ஒட்டி, சூடான உருளை. ஈர விரிப்பை அதன் ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் சுருக்கமே இல்லாமல், கை சுடும் சூட்டில் வெளியே வரும். வாங்குவதற்கு இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. விரித்துப் பிடித்து ஒரு உதறு. நெடுக ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் இரண்டு எட்டு நடந்து முனையோடு முனை சேர்த்து, கை மாற்றி, பின்வாங்க வேண்டும். ஒரு விரிப்புக்கு ஒரு தரம் முகத்துக்கு முகம். நாளுக்கு ஆயிரத்து இருநூறு தரம். தாலி கட்டியவர் முகத்தை வருஷம் முழுக்கப் பார்த்தாலும் அத்தனை தரம் வராது.

மடிப்புக்கு எதிரே இருந்த முகம் சீட்டியுடையது. பத்து வயது இளையவள். வேலை தொடங்கினால் வாயைக் குவித்துப் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைச் சீட்டியடிக்க ஆரம்பித்துவிடுவாள். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஓயாது. முதல் வாரத்தில் மடிப்புக்கு அது பொறுக்கவில்லை.

“ஏண்டி, பொம்பளைப் பிள்ளை இப்படியா சீட்டி அடிக்கிறது?”

“இந்த மெஷின் சத்தத்துல வாயால பாடினா யாருக்குக்கா கேக்கும்? பிடிக்கலைன்னா காதுல பஞ்சு வச்சுக்குங்க. ஆஸ்பத்திரிதானே, பஞ்சுக்கா பஞ்சம்?”

மடிப்பு சிரித்துவிட்டாள். அதோடு சரி. இரண்டாம் வருஷத்தில் அவளும் அந்தப் பாட்டை மூக்குக்குள் முனகத் தொடங்கியிருந்தாள்.

இவர்களுக்கு மேலே, படிக்கட்டு ஏறியதும், கண்ணாடி அடைத்த சின்ன அறையில் மேற்பார்வையாளர் இருப்பார். பெண்கள் அவருக்கு வைத்த பேர் கூண்டு. அவர் கீழே இறங்கி வந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியது இரண்டே. கதவோரம் தொங்கும் வருகை அட்டைகளில், கடிகார இயந்திரத்தில் அடித்த மணி காலையும் மாலையும் அச்சாகியிருக்க வேண்டும். விரிப்பு அடுக்கிய தள்ளுவண்டிகள் நேரத்துக்கு மேலே வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், கீழே மனிதர்கள் மடிக்கிறார்களா பேய்கள் மடிக்கின்றனவா என்று அவர் கேட்கப்போவதில்லை.

மடிப்பின் வீடு ஒரு டயர் கடையின் மாடியில் இரண்டு அறை. கூட்டினாலும் துடைத்தாலும் ரப்பர் வாடை போகாது. கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சரக்கு இறக்கும்போது தோள்பட்டை இறங்கி, மூன்று வருஷமாக வீட்டோடு. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது, எழுத முடியும். எழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரே மகள். வந்தபோது ஆறு வயது; இப்போது பதினேழு முடிந்து ஓடிக்கொண்டிருந்தது. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவதால் அவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பேர்.

அந்த நாட்டுச் சட்டப்படி, பத்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து வாழ்ந்தவர் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்கலாம். கேட்பவரோடு கணவனும் பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளும் ஒரே மனுவில் சேர்த்தி. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் சேர்த்தி கிடையாது. அனுமதி இருந்தால்தான் வக்கீலுக்கு நர்ஸ் படிப்பில் இடம். ஆகவே அவள் பிறந்தநாளுக்குள் அனுமதி வந்தாக வேண்டும். அந்த வீட்டில் நாள்காட்டியைப் பார்க்காமல் யாரும் பல் விளக்கியதில்லை.

மனுவைக் கணவர்தான் தயாரித்தார். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் காகிதங்களைப் பரப்பி, ஒரு வாரம் உட்கார்ந்தார். கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், வேலை கொடுத்தவரின் கடிதம், வாடகை ஒப்பந்தம். கேட்டது இவ்வளவுதான். அவர் அதோடு விடவில்லை. மகளின் ஓட்டப்பந்தயச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, நூலக உறுப்பினர் அட்டை, தனக்கு விபத்தே செய்யாத ஓட்டுநர் என்று லாரி கம்பெனி கொடுத்த காகிதம், எல்லாவற்றையும் நகலெடுத்து அடுக்கினார்.

“கேட்டதை மட்டும் வைப்பா,” என்றாள் வக்கீல்.

“உனக்குத் தெரியாது. கேட்டதை எல்லாரும்தான் வைப்பான். கேக்காததையும் வச்சாத்தான், அடேயப்பா, இவங்க ஒழுங்கான குடும்பம்னு நினைப்பான்.”

“படிக்கிறவனுக்குத் தலைவலி வரும்.”

“வரட்டும். பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு, உங்கம்மா மடிச்ச பெட்ஷீட்ல படுக்கட்டும்.”

சொல்லிவிட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஒரு வட்டக் கடிகாரம். சலவைக்கூடத்தின் பேர் அச்சடித்தது. அதன் கீழே சட்டம் போட்ட சான்றிதழ்: வருஷம் முழுவதும் ஒரு நாள்கூட விடாமல் பணிக்கு வந்தவர். கணவர் நாற்காலியில் ஏறி, இடது கையால் அதைக் கழற்றி, துடைத்து, நகலெடுத்து, கட்டின் முதல் தாளாக வைத்தார்.

மடிப்பு அப்போது அடுப்படியில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்று பிற்பாடு அவள் ஆயிரம் தடவை நினைத்துக்கொண்டாள். பார்த்திருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. நாலு வருஷமாகச் சுவரில் தொங்குகிற பொருள் கண்ணில் படுமே தவிர மனசில் படாது.

அந்தக் கடிகாரம் வந்த வருஷத்தில்தான் மடிப்பின் அப்பா இறந்தார்.

அந்தக் கதையை மடிப்பு எல்லோரிடமும் சொல்லியிருப்பது இப்படி. அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. கூண்டிடம் போய் நின்றாள். அவர் வாராந்திர விடுமுறை நாள் மூன்றைச் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று நாள், நாலாம் நாள் அட்டையில் மணி விழாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார். மடிப்பு பஸ் நிறுத்தத்தில் சீட்டியின் கையைப் பிடித்து, வர முடியாமல் போனால் என் அட்டையையும் சேர்த்து அடித்துவிடு என்று கேட்டுக்கொண்டு விமானம் ஏறினாள். மூன்றாம் நாள் முடிந்தபோதும் அப்பா உயிரோடு இருந்தார். அதுதான் சங்கடமாகப் போயிற்று. கண் திறந்து, மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற மனிதரை விட்டுவிட்டு யார் கிளம்புவது? எட்டாம் நாள் போனார். மொத்தம் பன்னிரண்டு நாள் ஊரில் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்தாள்.

வந்து பார்த்தால் வேலை போகவில்லை. மிச்ச ஒன்பது நாளும் அவள் அட்டையில் காலையும் மாலையும் மணி அச்சாகியிருந்தது. விரிப்பின் ஒரு பக்கத்தை நீராவிக் குழாயின் திருகில் மாட்டிவிட்டு, மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிச் சீட்டி ஒருத்தியே ஒன்பது நாளும் மடித்திருந்தாள். சாப்பாட்டு நேரத்திலும் மடித்தாள். தள்ளுவண்டி ஒன்றுகூடத் தாமதிக்கவில்லை. இயந்திரங்களுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. ஒன்பது நாளும் சீட்டிச் சத்தம் கேட்கவில்லை என்பதை மட்டும் பிறகு சொன்னார்கள். மூச்சு வேண்டுமே.

வருஷக் கடைசியில் கூண்டு அட்டைகளை எண்ணிப் பார்த்து, மடிப்பு ஒரு நாளும் விடவில்லை என்று கண்டுபிடித்து, எல்லோரையும் மேலே கூப்பிட்டுக் கடிகாரமும் சான்றிதழும் கொடுத்தார். கைதட்டினார்கள். சீட்டி எல்லோரையும்விட உரக்கத் தட்டினாள். தட்டும்போது மடிப்பைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். இருவரும் அன்று பஸ்ஸில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மகளின் பிறந்தநாளுக்கு நாற்பது நாள் இருக்கும்போது குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வக்கீல்தான் பிரித்து வாசித்தாள். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது.

கடவுச்சீட்டு முத்திரைகளின்படி மனுதாரர் பன்னிரண்டு நாள் நாட்டில் இல்லை. அவரே இணைத்த சான்றிதழின்படி அந்த வருஷம் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை. வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்ததில், மூன்று நாள் வார விடுமுறை போக, ஒன்பது நாள் அவர் ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் இருந்திருக்கிறார். பதினான்கு நாளுக்குள் நேரில் வந்து விளக்க வேண்டும்.

கணவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

“நான் வச்ச காகிதமா?”

மகள் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

“நான் வச்ச காகிதம்தான்,” என்று அவரே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பேனாவைத் தொடவில்லை. கடைக்கு வாங்க வேண்டியதைக்கூட மகளைத்தான் எழுதச் சொன்னார்.

மறுநாள் உருளைக்கு முன்னால் மடிப்பு சேதியைச் சொன்னாள். முகத்துக்கு முகம் வருகிறபோது ஒரு வாக்கியம், பின்வாங்கி, அடுத்த விரிப்புக்கு அடுத்த வாக்கியம். ஏழெட்டு விரிப்பில் முழுவதும் சொல்லியாகிவிட்டது. சீட்டிச் சத்தம் நின்றுவிட்டது. உருளை மட்டும் நிற்காமல் விரிப்பைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“என் பேரு வருமாக்கா?”

“பிடிடி, தரையில விழப்போகுது.”

“வருமா?”

“வராது.”

சீட்டிக்கு இருந்தது வருஷா வருஷம் புதுப்பிக்கிற அனுமதி. வேலை இருந்தால் அது இருக்கும். வேலை போனால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும். ஊரில் படுத்த படுக்கையாக ஒரு அம்மா, இன்னும் கரையேறாத இரண்டு தம்பிகள். இதெல்லாம் மடிப்புக்குத் தெரியும். ஒரு நாளில் ஆயிரத்து இருநூறு தரம் பார்க்கிற முகத்தில் தெரியாதது என்ன இருக்கும்?

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருவரும் மடித்தார்கள். இரண்டு எட்டு முன்னால், முனையோடு முனை, கை மாற்றி, இரண்டு எட்டு பின்னால். சீட்டி மடிப்பின் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகவாயைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். ஒரு நாள் மத்தியானம், “அக்கா, நான் வேணா வந்து...” என்று தொடங்கினாள்.

“பேசாம மடி,” என்றாள் மடிப்பு.

சீட்டி பேசாமல் மடித்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் நிம்மதி வந்து போனதை மடிப்பு பார்த்தாள். பார்க்காத மாதிரி விரிப்பை உதறினாள்.

குடியேற்ற அலுவலகத்தில் நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். மகளும் கணவரும் வெளியே உட்கார, மடிப்பு மட்டும் உள்ளே போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. சளி பிடித்திருந்தது, கேள்விக்கு ஒரு தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழ் ஐயா ஒருவர், கழுத்துப் பட்டியை இறுக்கிக் கட்டி, நெற்றி வியர்க்க.

“அம்மா, முன்னாடியே சொல்லிடறேன். நான் சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, விடவும் கூடாது. நீங்க இருமினாக்கூடச் சொல்லணும்.”

“நான் இருமலைங்க. அவங்கதான் தும்முறாங்க.”

ஐயா அதையும் மொழிபெயர்த்துவிட்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்த ஒன்பது நாள் எங்க இருந்தீங்கன்னு கேக்குறாங்க.”

“ஊர்ல. எங்கப்பா செத்துப்போனாரு.”

“அப்ப வருகை அட்டையில மணி எப்படி விழுந்துச்சு?”

மடிப்பு மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். அந்தக் கைகளில் உருளையின் சூடு பதினோரு வருஷமாக ஏறி, விரல் நுனிகள் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தன. மனுவுக்காகக் கைரேகை எடுக்கப் போனபோது இயந்திரம் நாலு தரம் சரியில்லை என்றது. ஐந்தாம் தரம்தான் ஏற்றுக்கொண்டது.

“வேற ஒருத்தர் அடிச்சாங்க. நான்தான் அடிக்கச் சொல்லிக் கேட்டேன். தப்பு என்மேல.”

“யாரு அடிச்சாங்க?”

மடிப்பு பேசவில்லை. ஐயா காத்திருந்தார், பிறகு மெதுவாக, “பேசாம இருக்கீங்கன்னு நான் சொல்லியாகணும்மா. அதுக்கும் இந்தப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு,” என்றார்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நீளமாகப் பேசினார். கொடுமையாகப் பேசவில்லை. ஐயா அதை வரிவரியாகச் சொன்னார். அட்டையை அடித்தவர் யாரென்று சொல்லி, அவரும் வந்து ஆமாம் என்று எழுதிக் கொடுத்தால், இதை வேலை செய்த இடத்தில் நடந்த ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்ளலாம். மனு மேலே போகும். சொல்லாவிட்டால் உண்மையை மறைத்ததாக ஆகும். மறைத்தவருக்கு அனுமதி கிடையாது. அவரோடு சேர்த்தி உள்ளவர்களுக்கும் கிடையாது.

“பேரைச் சொன்னா அந்த ஆளுக்கு என்ன ஆகும்?”

“வேலை குடுத்தவங்களுக்குத் தெரியப்படுத்துவாங்களாம். அதுக்கு மேல இவங்க பொறுப்பு இல்லையாம்.”

கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அதன் வழியே மகளின் பின்னந்தலை தெரிந்தது. தேர்வுக்குப் போகிற மாதிரி இறுக்கிப் பின்னியிருந்தாள். மடிப்பு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிகாரி தும்மினார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி காலியாகி, இழுப்பறையிலிருந்து புதிய பெட்டி எடுத்துப் பிரித்தார்.

“மாட்டேன்,” என்றாள் மடிப்பு.

ஐயா குனிந்தார். “தெரியாதுன்னு சொல்லவா, சொல்ல மாட்டேன்னு சொல்லவா? ரெண்டும் வேறம்மா. தெரியாதுன்னா கொஞ்சம்...” தன் சொந்த வார்த்தை என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சொல்ல மாட்டேன்னே சொல்லுங்க. சொன்ன பொய் போதும்.”

வெளியே வந்ததும் வக்கீல் எழுந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

“யாருன்னு எனக்குத் தெரியும். நான் உள்ள போய்ச் சொல்லட்டுமா?”

“உட்காரு.”

“சீட்டிச் சித்தி என்னைவிடப் பெருசா உனக்கு?”

“சாப்பிட்டியா?” என்றாள் மடிப்பு.

மகள் நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாளும் உப்பு எங்கே என்றுதான் கேட்டாள்.

பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னால் மறுப்பு வந்தது. அறுபது நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். அதன் நகல் சலவைக்கூடத்துக்கும் போயிருந்தது. கூண்டு பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் படியிறங்கி வந்தார். வெப்பம் அவருக்குப் பழக்கமில்லை. மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிக்கொண்டது, கழற்றித் துடைத்தார்.

“யார் அடிச்சது?”

மடிப்பு உருளையைப் பார்த்தாள். சீட்டி தரையைப் பார்த்தாள். இயந்திரங்களுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களும் நாலு வருஷத்துக்கு முன் பார்த்த மாதிரியே பார்த்தார்கள்.

கூண்டு முட்டாள் இல்லை. எதிரே நிற்பவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிறைந்து நின்ற தள்ளுவண்டிகளைப் பார்த்தார். இரண்டு பேரையும் அனுப்பினால் நாளைக்கு மாடியில் நோயாளிகள் வெறும் மெத்தையில் படுக்க வேண்டும். மடிப்பின் அட்டையை மட்டும் உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நாளையிலேர்ந்து வர வேண்டாம். அப்புறம், அந்தக் கடிகாரம். அது தவறுதலாக் குடுத்தது. திருப்பிக் குடுத்துடுங்க.”

கணவர்தான் அதைக் கழற்றித் துணிப்பையில் போட்டு எடுத்துப்போனார். டயர் கடைப் புகை படிந்த சுவரில் வட்டமாக ஒரு வெள்ளை. வழக்கத்தில் எல்லோரும் மணி பார்க்க அந்த வெள்ளையைப் பார்த்தார்கள். பிறந்தநாள் காலையிலும் மகள் அதைத்தான் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

சட்டப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தை வக்கீலேதான் தேடிப் பிடித்தாள். பதினெட்டு நிரம்பியவர், பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்திருந்தால், தனியாக மனுப் போடலாம். வருஷக்கணக்கில் ஆகும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். முடிவு தெரியும்வரை இருக்க ஒரு முகவரி வேண்டும். வேலையில் இருக்கிற ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் இருக்கிற ஒருவர் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர் ஒரே ஆள்தான்.

சீட்டி கேட்ட மறுநிமிஷமே கையெழுத்துப் போட்டாள். அவசரத்தில் கையெழுத்து கோணிப்போய், இன்னொரு படிவம் வாங்கிவர வேண்டியிருந்தது. தன் ஒற்றை அறையின் குறுக்கே கயிறு கட்டித் துணி போட்டு, ஜன்னல் இருந்த பக்கத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தாள்.

கிளம்புகிற அன்று காலை டயர் கடை மாடியில் எல்லாம் மூட்டையாகிவிட்டது. ஒரு படுக்கை விரிப்பு மட்டும் பாக்கி. மடிப்பு அதை உருவினாள். பழக்கம் விடவில்லை, இரண்டு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டை எதிரே நீட்டினாள். சீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு உதறு. நெடுக ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. இரண்டு எட்டு நடந்து முனையோடு முனை சேர்க்கும்போது கைகள் தொட்டன. சீட்டி வாயைக் குவித்தாள்; காற்றுதான் வந்தது.

“பிள்ளைக்குப் பச்சைத் தண்ணி ஆகாது. காய்ச்சிக் குடு,” என்றாள் மடிப்பு.

“சரிக்கா.”

“கேள்வி மேல கேள்வி கேப்பா. கோவப்படாத.”

“சரிக்கா.”

மகள் படியில் நின்றிருந்தாள். அம்மா அந்த விரிப்பை அவள் கையில் வைத்தபோது, வாங்கிக்கொண்டு, முகத்தை அதில் வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. கணவர் இடது கையால் பெட்டியைத் தூக்க முயன்று முடியாமல், அவரும் மடிப்பும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து ஏற்றினார்கள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வக்கீலின் மனு இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது.

இவ்வளவையும், சீட்டியின் பக்கத்து அறைக் கிழவி நான், எழுதி வாசித்துக் காட்டும்போது அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். துணித் திரைக்கு அந்தப் பக்கம் வக்கீலும் இருந்தாள். முடிந்ததும் சீட்டி தொண்டையைச் செருமினாள்.

“ஒரு இடத்துல தப்பா இருக்கு பாட்டி.”

“நிலா வரைக்கும்னு எழுதினதுதானே? அதான் அடுத்த வரியிலயே ஒத்துக்கிட்டாச்சே.”

“அதை விடுங்க. பஸ் ஸ்டாப்புல என் கையைப் பிடிச்சு அட்டையை அடிக்கச் சொல்லிக் கேட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அக்கா கேக்கவே இல்ல. பெத்தவரைப் பாக்கணும், வேலை போனா போகட்டும்னுதான் போனாங்க. அட்டையை நானாத்தான் அடிச்சேன். திரும்பி வந்து அட்டையைப் பாத்தப்பதான் அவங்களுக்கே தெரியும். அன்னிக்கு என்னைத் திட்டினாங்க.”

துணித் திரை அசைந்தது. சீட்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அந்த வரியை மாத்திடுங்க,” என்றாள்.